காத்திருக்கும் வேளையில் கையிலொரு சன்னல்

மருத்துவமனையில் நோயாளருக்கும் உடனிருப்போருக்கும் பொதுவாக வாய்க்கும் அனுபவம் காத்திருத்தல். அறுவைக்கூடத்தின் கதவு திறக்கக் காத்திருக்கிறோம். இரத்தப் பரிசோதனை முடிவு வரக் காத்திருக்கிறோம். ட்ரிப்ஸ் இறங்கி முடியக் காத்திருக்கிறோம். சில இரவுகளில் பொழுது விடிவதற்கே காத்திருக்கிறோம். அந்நேரங்களில் பெரும்பாலோர் கையில் கைப்பேசி இருக்கிறது. அதில் நோயின் பெயரைத் தட்டித் தேடுவதே பலருடைய முதல் வேலையாகிறது. தேடத் தேடத் தெளிவு கூடுகிறதோ இல்லையோ, அச்சம் கூடுகிறது.

அதே கைப்பேசியில், பார்த்த மாத்திரத்தில் ஒரு பயனும் இல்லை என்று தோன்றும் சில இணையப் பொம்மைகளும் உண்டு. அவை பாடம் நடத்துவதில்லை; செய்தி சொல்வதில்லை. பொத்தானை அழுத்தினால் ஏதேனும் ஒன்று வரும். சற்றுச் சிரிக்கலாம், சற்று வேடிக்கை பார்க்கலாம், அவ்வளவே. அத்தகைய பொம்மைகள் சிலவற்றை இக்கட்டுரை அறிமுகம் செய்கிறது. அவற்றால் ஆவது எது, ஆகாதது எது, நோயாளரும் குடும்பத்தினரும் விலக்கி வைக்க வேண்டியது எது என்பதையும் கூற விழைகிறோம்.

சீட்டெடுக்கும் இயந்திரம்

இணையப் பொம்மைகளுள் ஒரு வகை, தானாகவே சொற்களை உருவாக்கித் தருவது. உங்கள் பெயரைக் கேட்டு, ஒரு கடற்கொள்ளையனின் பெயரையோ, இல்லாத ஓர் அரசனின் பட்டத்தையோ, அலுவலகத்திற்குத் தாமதமாக வந்ததற்கான சாக்கையோ அது உடனே எழுதித் தரும். இதன் பின்னுள்ள உத்தி மிக எளியது. கிளி சோதிடரின் கிளி கூண்டை விட்டு வந்து ஒரு சீட்டை எடுத்துக் கொடுக்கிறது. சீட்டில் உள்ளதை முன்பே ஒருவர் எழுதி வைத்திருக்கிறார். எதிரே அமர்ந்திருப்பவர் யார் என்பது கிளிக்குத் தெரியாது. கணினியும் அவ்வாறே பட்டியலிலிருந்து சொற்களைக் குருட்டாம்போக்கில் எடுத்துக் கோக்கிறது. பட்டியலுக்கு 20 சொற்கள் வீதம் மூன்று பட்டியல்கள் இருந்தாலே 8,000 வெவ்வேறு விடைகள் கிடைத்துவிடும். எனவேதான் ஒவ்வொரு முறையும் நமக்கென்றே புதிதாக எழுதியது போன்ற மயக்கம் ஏற்படுகிறது.

இவ்விளையாட்டு கணினியின் தொடக்க காலத்திலேயே பிறந்துவிட்டது. இங்கிலாந்தின் மான்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் இருந்த பெரான்டி மார்க் 1 என்னும் கணினிக்கு 1952ஆம் ஆண்டில் கிறிஸ்டோபர் ஸ்ட்ராச்சி என்பவர் ஒரு நிரலை எழுதினார். அது காதல் கடிதங்களை எழுதியது. வாக்கியத்தின் சட்டகம் நிலையானது. அன்பு, ஏக்கம், மென்மை முதலியவற்றைக் குறிக்கும் சொற்கள் மட்டும் ஒவ்வொரு முறையும் மாறி வந்தன. கடிதத்தின் அடியில் எம்.யூ.சி. என்று கையொப்பமும் இருந்தது. மான்செஸ்டர் பல்கலைக்கழகக் கணினி என்பதன் சுருக்கம் அது. சொற்கள் உருகினவே தவிர, அந்த இயந்திரம் எவரையும் காதலித்ததில்லை. இந்த எளிய உண்மையை வாசகர்கள் நினைவில் இருத்திக்கொள்ள வேண்டுகிறோம். கட்டுரையின் பிற்பகுதியில் அது தேவைப்படும்.

பிறர் வீட்டுச் சன்னல்

2020ஆம் ஆண்டின் ஊரடங்கில் உலகமே வீட்டுக்குள் அடைபட்டிருந்தபோது, சிங்கப்பூரில் வாழ்ந்த ஒரு தம்பதியர் ‘விண்டோ ஸ்வாப்’ என்ற வலைத்தளத்தை உருவாக்கினர். உலகின் பல ஊர்களிலும் உள்ளவர்கள் தங்கள் வீட்டுச் சன்னல் வழியே தெரியும் காட்சியைப் படம்பிடித்து அதற்கு அனுப்புகிறார்கள். நாம் பொத்தானை அழுத்தினால் ஏதோ ஓர் ஊரில் யாருடைய சன்னலோ திறக்கிறது. ஓரிடத்தில் மழை பெய்யும். வேறோரிடத்தில் சன்னல் விளிம்பில் பூனை உறங்கும். இன்னோரிடத்தில் கொடியில் துணி காயும். காட்சியில் கதை இல்லை; நமக்கு அங்கே வேலையும் இல்லை. பல நாள்களாக ஒரே சுவரைப் பார்த்துப் படுத்திருப்பவருக்கு இதுவே ஒரு மாற்றம்.

சன்னலுக்கும் நோயாளருக்கும் உள்ள உறவு மருத்துவ உலகம் ஆராய்ந்த ஒன்று. அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்து மருத்துவமனை ஒன்றில் 1972 முதல் 1981 வரை பித்தப்பை அறுவை செய்துகொண்ட 46 நோயாளரின் பதிவேடுகளை ரோஜர் உல்ரிச் என்னும் ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்தார். பாதிப்பேரின் சன்னலுக்கு வெளியே மரங்கள் தெரிந்தன; மற்றவர்களுக்குச் செங்கற்சுவர் தெரிந்தது. மரங்களைக் கண்டவர்கள் சற்று முன்னதாக வீடு திரும்பினர். கடும் வலிநீக்கி மருந்துகளும் அவர்களுக்குக் குறைவாகவே தேவைப்பட்டன. இம்முடிவு 1984இல் ‘சயின்ஸ்’ இதழில் வெளியாயிற்று. மருத்துவமனைகளைக் கட்டுவோர் இன்றும் அதை எடுத்துக்காட்டுகின்றனர்.

அந்த ஆய்வு உண்மையான சன்னலைப் பற்றியது. கைப்பேசித் திரையில் தெரியும் மரம் அதே பலனைத் தரும் என்று அதைக்கொண்டு கூற முடியாது. ஆகவே உங்கள் கட்டிலுக்கு அருகில் சன்னல் இருக்குமாயின் முதலில் அதன் திரையை விலக்கச் சொல்லுங்கள். எழுந்து நடக்க மருத்துவர் அனுமதித்திருந்தால், ஒருவர் துணையுடன் சன்னல் வரை சென்று வாருங்கள். சன்னலும் இல்லை, எழவும் இயலாது என்றால், பிறர் வீட்டுச் சன்னல் துணைக்கு வரட்டும்.

நள்ளிரவிலும் விழித்திருக்கும் உலகம்

உடனிருப்போர் பலர் எங்களிடம் கூறுவது இரவின் தனிமையைப் பற்றித்தான். நோயாளர் அயர்ந்து உறங்குவார். நாற்காலியில் அமர்ந்திருப்பவருக்கு உறக்கம் வராது. அவர்களுக்கு ஏற்ற பொம்மை ‘ரேடியோ கார்டன்’. நெதர்லாந்தில் உருவாக்கப்பட்டு 2016இல் வெளியான இத்தளத்தில், பூமியுருண்டை ஒன்று திரையில் தோன்றும். அதில் பச்சைப் புள்ளிகள் மின்னும். ஒவ்வொரு புள்ளியும் வானொலி ஒலிபரப்பாகும் ஓர் ஊர். விரலால் உருண்டையைச் சுழற்றிப் புள்ளியின் மேல் நிறுத்தினால் அவ்வூரில் அப்போது ஒலிபரப்பாவதைக் கேட்கலாம். நமக்கு இரவு இரண்டு மணி என்றால் நியூசிலாந்தில் காலை. அங்கே யாரோ ஒருவர் வணக்கம் கூறி நாளைத் தொடங்கிவைக்கிறார். பிரேசிலில் மாலை, அங்கே பாட்டு ஒலிக்கிறது. மொழி புரியாவிட்டாலும் மனிதக் குரல் புரிகிறது. இந்த நேரத்தில் விழித்திருப்பவர் நாம் மட்டுமல்லர் என்ற எண்ணமே ஓர் ஆறுதல்.

சிக்னல் இல்லாத இடத்திலும் ஒரு பொம்மை உண்டு. ஸ்கேன் அறைகள் பலவும் கீழ்த்தளத்தில் இருப்பதால் இணைப்பு அடிக்கடி அறுந்துபோகும். அப்போது கைப்பேசியின் குரோம் உலாவியில் தோன்றும் சிறிய டைனோசர் படத்தைத் தொட்டால் அது ஓடத் தொடங்கும். எதிர்ப்படும் கள்ளிச்செடிகளைத் தாண்டச் செய்ய வேண்டும். 2014இல் வந்த இவ்விளையாட்டை முழுவதுமாக ஆடி முடிக்க ஏறத்தாழ 1.7 கோடி ஆண்டுகள் ஆகும் என்று அதை உருவாக்கியவர்களே வேடிக்கையாகக் கூறியிருக்கின்றனர். நம் காத்திருப்பு நிச்சயமாக அதற்கு முன் முடிந்துவிடும்!

குழந்தைகளுக்கு ‘குயிக் டிரா’ ஏற்றது. கூகுள் நிறுவனம் 2016இல் வெளியிட்ட இதில், சொல்லப்படும் பொருளை 20 வினாடிகளுக்குள் வரைய வேண்டும். வரைந்துகொண்டிருக்கும்போதே அது இன்னதென்று கணினி ஊகித்துச் சொல்லும். வலக்கையில் ஊசி செருகப்பட்ட குழந்தை இடக்கையால் கோணல்மாணலாக வரைந்தாலும் குற்றமில்லை. கோணல் கூடக்கூடக் கணினியின் ஊகமும் வேடிக்கையாகும். தாத்தாவும் பேத்தியும் மாறிமாறி வரையலாம்.

கவனம் திரும்பினால் வலி என்னாகும்?

இவையெல்லாம் வெறும் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவதற்கு முன் ஒரு செய்தியை அறிதல் நலம். தீக்காயம் பட்டவர்களுக்குக் கட்டு மாற்றும் வேளை மிகக் கொடியது. அமெரிக்காவின் சியாட்டில் நகரில், வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹண்டர் ஹாஃப்மன், டேவிட் பேட்டர்சன் ஆகியோர் 1990களில் இதற்கென ஒரு முயற்சியைத் தொடங்கினர். நோயாளரின் தலையில் மெய்நிகர்க் காட்சிக் கருவியை அணிவித்து, பனி மூடிய பள்ளத்தாக்கு ஒன்றில் மிதந்து செல்லச் செய்தனர். அவர் பனிமனிதர்கள் மீதும் பென்குவின்கள் மீதும் பனியுருண்டைகளை எறியலாம். ‘ஸ்னோ வேர்ல்டு’ என்பது அதன் பெயர். மருந்துடன் இவ்விளையாட்டும் சேர்ந்தபோது, மருந்து மட்டும் பெற்ற வேளையைவிட வலி குறைவாக இருந்ததாக நோயாளர் தெரிவித்தனர்.

மனத்தின் கவனத்துக்கு ஓர் அளவு உண்டு. அதன் ஒரு பகுதி வேறொன்றில் ஈடுபடும்போது வலிக்குக் கிடைக்கும் பங்கு குறைகிறது. ஊசி போடும்போது செவிலியர் குழந்தையிடம் வீட்டு நாய்க்குட்டியைப் பற்றிக் கேட்பதும் இதனாலேதான். எனினும் கைப்பேசி விளையாட்டு அந்தச் சிறப்புக் கருவிக்கு நிகராகாது. வலி மருந்துக்கு மாற்றும் ஆகாது. வலி இருந்தால் விளையாடிப் பொறுத்துக்கொள்ள முயலாமல் உடனே சொல்லுங்கள்.

விலக்க வேண்டிய இரண்டு

முதலாவது, இறக்கும் நாளைக் கணித்துக் கூறுவதாகச் சொல்லும் தளங்கள். வயது, எடை, புகைப்பழக்கம் ஆகியவற்றைக் கேட்டுவிட்டு அவை ஒரு தேதியைக் காட்டும். நலமாக இருப்பவர்கள் நண்பர்களுடன் பார்த்துச் சிரித்துவிட்டுப் போவார்கள். நள்ளிரவில், தந்தையின் படுக்கை அருகே அமர்ந்து அவருடைய வயதை ஒரு மகன் அதில் இடுவதாகக் கொள்வோம். வரும் தேதி அவரை விட்டு எளிதில் அகலாது. அந்தத் தேதியோ, மக்கள்தொகையின் சராசரிக் கணக்கிலிருந்தோ குருட்டாம்போக்கில் எடுத்த எண்ணிலிருந்தோ வந்தது. தந்தையின் ஸ்கேனை அது கண்டதில்லை. அவர் உடல் மருந்தை ஏற்கும் விதத்தை அறிந்ததில்லை. எதிரே இருப்பவர் யாரென்று தெரியாமல் கிளி எடுத்த சீட்டே அதுவும்.

“இன்னும் எவ்வளவு காலம்?” என்பது கேட்கத் தகாத கேள்வியன்று. அதை உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். யார் யார் உடனிருக்கும்போது பேச வேண்டும் என்பதையும் முன்கூட்டியே சொல்லுங்கள். இப்போது அறிந்துகொள்ள விருப்பமில்லை என்றால் அதையும் சொல்லலாம். உறுதியான தேதியை எந்த மருத்துவராலும் தர இயலாமற்போகலாம். ஆயினும் அவர் சொல்வது உங்களைப் பார்த்துச் சொல்வதாக இருக்கும்.

இரண்டாவது, மனநல ஆலோசகரைப் போலப் பேசும் நிரல்கள். இவற்றின் மூதாதை 1966இல் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய ‘எலிசா’. நாம் சொல்வதையே சற்று மாற்றிக் கேள்வியாகத் திருப்பிக் கேட்பதே அதன் வேலை. “என் அம்மாவை நினைத்தால் கவலையாக இருக்கிறது” என்று எழுதினால், உங்கள் குடும்பத்தைப் பற்றி மேலும் கூறுங்கள் என்னும் பொருளில் அது விடையளிக்கும். இயந்திரத்தின் வரம்பை விளக்கும் நோக்கமும் அவருக்கு இருந்தது. ஆனால் அவருடைய செயலரே அதனுடன் உரையாடத் தொடங்கியபின், தனிமை வேண்டி அவரை அறையை விட்டு வெளியே செல்லுமாறு கேட்டுக்கொண்டாராம். அந்நிகழ்ச்சி வைசன்பாமைக் கலங்கச் செய்தது. அவர் பின்னாளில் இத்தகைய பயன்பாடுகளைக் கண்டித்து நூலே எழுதினார்.

இன்றைய உரையாடல் நிரல்கள் எலிசாவைக் காட்டிலும் பன்மடங்கு திறனுடையவை. மனத்திலுள்ளதை எழுத்தில் கொட்டுவதால் கிடைக்கும் ஆறுதலும் பொய்யன்று. ஆயினும் உங்கள் முகம் வாடியிருப்பதை அதனால் காண இயலாது. மூன்று நாள்களாக நீங்கள் உண்ணவில்லை என்பதை நீங்கள் சொன்னாலன்றி அறியாது. எழுந்து வந்து உங்கள் அருகில் அமராது. மனம் தாள முடியாத அளவுக்குச் சோர்ந்தால், வாழ்வே வேண்டாம் என்ற எண்ணம் எழுந்தால், திரையை மூடிவிட்டுச் செவிலியரிடம் சொல்லுங்கள். நோயாளர் மட்டுமன்றி உடனிருப்போரும் இவ்வாறு சொல்லலாம், சொல்ல வேண்டும்.

பயன்படுத்துவோர் கவனத்திற்கு

• தீவிர சிகிச்சைப் பிரிவிலும் ஸ்கேன் அறையிலும் கைப்பேசியைப் பயன்படுத்தும் முன் அனுமதி கேளுங்கள்.

• ஒலியுள்ளவற்றை ஹெட்போன் வழியே கேளுங்கள். மருத்துவர் அழைப்பது காதில் விழும்படி ஒரு காதைத் திறந்து வையுங்கள்.

• இரவில் திரையின் ஒளியைக் குறைத்துக்கொள்ளுங்கள். பக்கத்துக் கட்டிலில் உறங்குபவரை நினையுங்கள். உங்களுக்கும் உறக்கம் தேவை.

• வலிப்பு நோய் உள்ளவர்கள் மின்னி மின்னி மறையும் காட்சிகளைத் தவிர்க்க வேண்டும். தலைச்சுற்றலோ குமட்டலோ தோன்றினால் உடனே நிறுத்திவிடுங்கள்.

• எந்த விளையாட்டுத் தளத்திலும் நோயாளர் எண், அடையாள அட்டை எண், வங்கி விவரம் ஆகியவற்றைத் தராதீர்கள். வேடிக்கைக்காக முகத்தை மாற்றிக் காட்டும் தளங்களில் நோயாளரின் படத்தை ஏற்ற வேண்டாம். வார்டில் எடுக்கும் படங்களில் பிற நோயாளர் தெரியாதவாறு பார்த்துக்கொள்ளுங்கள்.

• உறவினர் அழைக்கும்போது மின்னூட்டம் இல்லாமற்போய்விடக் கூடாது. விளையாட்டுக்கென ஓர் அளவு வைத்துக்கொள்ளுங்கள்.

பொம்மைகள் நோயைத் தீர்ப்பதில்லை. நீண்ட பிற்பகல் ஒன்றில் அரை மணி நேரத்தைச் சற்று இலகுவாக்கக் கூடும். அதுவும் சிறிய உதவியன்று. கைப்பேசியிலுள்ள பொத்தானை அழுத்தினால் ஒரு சன்னல் திறக்கலாம், ஒரு பாட்டு ஒலிக்கலாம். கட்டிலின் அருகிலுள்ள அழைப்பு மணியின் பொத்தானை அழுத்தினால் ஒரு மனிதர் வருவார். எதை எப்போது அழுத்துவது என்பதை அறிந்திருந்தால் போதும். மணியை அழுத்த எந்நேரத்திலும் தயங்க வேண்டாம்.