லப்புக்கும் டப்புக்கும் நடுவே

பேராக்கின் ரப்பர் தோட்டங்களில் ஒரு காலத்தில் டாக்டரைவிட, டிரெஸர் எனப்பட்ட தோட்ட மருத்துவ உதவியாளர்தான் ஜனங்களுக்கு நெருக்கம். சுங்கை சிப்புட் வட்டாரத்துத் தோட்டங்களில் நெஞ்சில் குழாய் வைத்துக் கேட்டவர் அவர். துடிப்பை எண்ண ஒரு கைக்கடிகாரம் போதும். லப், டப் இரண்டும் சேர்ந்து ஒரு துடிப்பு என்பதைப் பழகிய காது தானாகவே கணக்கில் வைத்துக்கொள்ளும்.

பதிவு செய்த நெஞ்சொலியிலிருந்து துடிப்பை எண்ணப் பார்க்கும் கணினி தடுமாறுவது அங்கேதான். இதய அறைகளுக்கு நடுவிலுள்ள வால்வுகள் மூடும்போது லப். ரத்தம் வெளியேறும் வாசல் வால்வுகள் மூடும்போது டப். பதிவான ஒலியில் முகடுகளை மட்டும் எண்ணினால் 72 என்பது 144 ஆகிவிடும். இதய ஒலியின் வலு பெரும்பாலும் 200 ஹெர்ட்ஸுக்குக் கீழே இருப்பதால் மற்றதை வடிகட்டலாம்தான். ஆனால் மூச்சின் இரைச்சலும் தகரக் கூரை மழையும் அந்த எல்லைக்குள்ளும் புகுந்துவிடும்.

இதற்கு ஆட்டோகோரிலேஷன் என்றொரு வழி உண்டு. எளிமையில் எனக்கு இதற்கு இணையாக வேறொன்று தோன்றவில்லை. பதிவை நகலெடுத்து, மூலத்தின்மேல் வைத்து, மெல்ல நகர்த்த வேண்டும். 0.3 விநாடி நகர்த்தினால் நகலின் லப் மூலத்தின் டப்மேல் விழும். நகலின் டப்போ வெறும் அமைதியில் விழும். பொருத்தம் அரைகுறை. சுமார் 0.83 விநாடியில் லப்மேல் லப், டப்மேல் டப். 60ஐ அதனால் வகுத்தால் 72. மழை இரைச்சல் அதே இடைவெளியில் திரும்ப வராது. கூட்டிப் பார்க்கும்போது கரைந்துபோகும். ஒரு துடிப்பைக்கூடத் தனியாக அடையாளம் காணாமல் வேகம் கிடைத்துவிடுகிறது!

இது பலிப்பதற்குக் காரணம், லப்புக்குப் பின் வரும் இடைவெளி குறுகியது, டப்புக்குப் பின் வருவது நீண்டது என்பதே. ஓடிவந்த நெஞ்சில் நீண்ட இடைவெளிதான் அதிகம் சுருங்கும். இரண்டும் ஏறக்குறைய சமமாகிவிட்டால் கணினி மறுபடி இரட்டிப்பாகச் சொல்லக்கூடும். மருத்துவர்கள் அப்போது கழுத்து நாடியில் விரல் வைப்பார்கள்: நாடியோடு சேர்ந்து கேட்பது லப்.

ஈப்போ ராஜா பெர்மைசூரி பைனுன் மருத்துவமனை போன்ற பெரிய மருத்துவமனைகளின் பிரசவ வார்டுகளில், கருவின் துடிப்பைக் காட்டும் கருவிக்குள்ளும் இதே கணக்குதான் ஓடுகிறது. அங்கே நெஞ்சொலிக்குப் பதில், அசையும் இதயத்தில் பட்டுத் திரும்பும் மீயொலி. கருவுக்கு இயல்பு நிமிடத்துக்கு 110 முதல் 160. 70க்குச் சரிந்த துடிப்பைக் கருவி 140 என்று காட்டினால் ஆபத்து கண்ணில் படாமலே போகும். சில வேளை தாயின் நாடியையே குழந்தையுடையதாக எடுத்துக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் திரையில் எண் ஓடிக்கொண்டிருக்கும்போதே தாதி தாயின் மணிக்கட்டைப் பிடித்து எண்ணிப் பார்க்கிறார்.