ஊக்கல் மாற்றி: பழுதை அறிதலும் மாற்றீடு செய்தலும்

தாக்கவீதம், ஊக்கி, வளி மாசடைதல் ஆகிய மூன்று பாட அலகுகளையும் ஒரே உபகரணத்தைக் கொண்டு விளங்கிக்கொள்ளலாம். பெற்றோல் வாகனங்களின் புகைக்குழாயில் பொருத்தப்பட்டுள்ள ஊக்கல் மாற்றியே அவ்வுபகரணமாகும். பரீட்சையில் இது பற்றி வினவப்படும்போது "நச்சு வாயுக்களை அகற்றும்" என்று மட்டும் எழுதினால் முழுப் புள்ளி கிடைக்காது. எவ்வாயு எவ்வாறு மாற்றப்படுகின்றது, எக்காரணத்தால் மாற்றி பழுதடைகின்றது, அதனை எவ்வாறு இனங்காண்பது என்பவற்றையும் அறிந்திருத்தல் வேண்டும்.

1. ஊக்கல் மாற்றி ஏன் தேவை?

எஞ்சினின் உருளையினுள் பெற்றோல் முற்றாகத் தகனமடையுமாயின் காபனீரொட்சைட்டும் நீராவியும் மட்டுமே விளைவாகும். நடைமுறையில் தகனம் முற்றாக நிகழ்வதில்லை. ஆகவே பின்வரும் மூவகை மாசுகள் வெளியேறுகின்றன.

(அ) காபனோரொட்சைட்டு: நிறமும் மணமும் அற்ற நச்சு வாயு. இது குருதியிலுள்ள ஈமோகுளோபினுடன் ஒட்சிசனை விட 200 மடங்குக்கும் அதிகமான நாட்டத்துடன் சேர்கின்றது. இதனால் உடற் கலங்களுக்கு ஒட்சிசன் கிடைப்பது தடைப்படுகின்றது.
(ஆ) எரியாத ஐதரோகாபன்கள்: தகனமடையாது எஞ்சிய எரிபொருள்.
(இ) நைதரசன் ஒட்சைட்டுகள்: உருளையின் உயர் வெப்பநிலையில் வளியிலுள்ள நைதரசனும் ஒட்சிசனும் சேர்வதால் உண்டாகுபவை. இவை அமில மழைக்கும் ஒளியிரசாயனப் புகாருக்கும் காரணமாகும்.

ஐக்கிய அமெரிக்காவில் 1975 ஆம் ஆண்டு மாதிரிக் கார்களிலிருந்து ஊக்கல் மாற்றி பரவலாகப் பொருத்தப்பட்டது. ஈயம் மாற்றியைச் செயலிழக்கச் செய்வதால் ஈயமற்ற பெற்றோலும் உடன் தேவைப்பட்டது. இலங்கையில் ஈயம் கலந்த பெற்றோல் 2002 ஆம் ஆண்டில் நிறுத்தப்பட்டது. 2008 ஆம் ஆண்டில் வாகனப் புகைப் பரிசோதனைத் திட்டம் ஆரம்பிக்கப்பட்டது. மாற்றி பழுதடைந்த பழைய கார் இப்பரிசோதனையில் சித்தியடையாது போகலாம். அவ்வாறாயின் வருமான அனுமதிப்பத்திரத்தைப் புதுப்பிப்பதும் தடைப்படும்.

2. அமைப்பு

வெளியே துருப்பிடிக்காத உருக்காலான உறை. உள்ளே தேன்வதை போன்ற மிக நுண்ணிய வழிகளைக் கொண்ட செரமிக் கட்டி. இவ்வழிகளின் சுவர்களில் அலுமினியம் ஒட்சைட்டுப் படை பூசப்பட்டிருக்கும். அப்படையின் மேல் பிளாற்றினம், பலேடியம், உரோடியம் ஆகிய விலைமதிப்புள்ள உலோகங்கள் மிக நுண்ணிய துணிக்கைகளாகப் பரவியுள்ளன. செரமிக் கட்டிக்கும் உறைக்கும் இடையில் அதிர்வைத் தாங்கும் வெப்பந் தாங்கு விரிப்பு ஒன்று உண்டு.

தேன்வதை அமைப்பு ஏன்? திண்ம ஊக்கியின் மேற்பரப்பிலேயே தாக்கம் நிகழ்கின்றது. மேற்பரப்பளவு அதிகரிக்கத் தாக்கவீதமும் அதிகரிக்கும். மிகச் சிறிதளவு உலோகத்தைக் கொண்டு மிகப் பெரிய மேற்பரப்பளவைப் பெறுவதே இவ்வமைப்பின் நோக்கமாகும்.

3. தொழிற்பாடு

மூவழி ஊக்கல் மாற்றியினுள் நிகழும் பிரதான தாக்கங்கள் வருமாறு:

காபனோரொட்சைட்டு + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு (ஒட்சியேற்றம்)
ஐதரோகாபன் + ஒட்சிசன் → காபனீரொட்சைட்டு + நீர் (ஒட்சியேற்றம்)
நைதரசன் ஒட்சைட்டு + காபனோரொட்சைட்டு → நைதரசன் + காபனீரொட்சைட்டு (தாழ்த்தல்)

மூன்று மாசுகளும் ஒருங்கே அகற்றப்பட வேண்டுமாயின் எஞ்சினுக்குச் செல்லும் கலவை திணிவுப்படி 14.7 பங்கு வளிக்கு 1 பங்கு பெற்றோல் என்னும் விகிதத்தை அண்மித்திருத்தல் வேண்டும். இவ்விகிதத்தைப் பேணுவதற்காகவே புகைக்குழாயில் ஒட்சிசன் உணரி பொருத்தப்பட்டுள்ளது.

மாற்றி குளிர்ந்திருக்கும்போது தொழிற்படாது. ஏறத்தாழ 250 முதல் 300 பாகை செல்சியசு வரை சூடேறிய பின்னரே தாக்கங்கள் போதிய வேகத்தில் நிகழும். ஆகவே நல்ல மாற்றி பொருத்தப்பட்ட காராயினும் மூடிய கராஜினுள் எஞ்சினை இயக்கி விடுதல் உயிராபத்தானதாகும்.

4. பழுதடையும் காரணங்கள்

ஊக்கி தாக்கத்தின் முடிவில் இரசாயன ரீதியில் மாறாதிருக்கும் எனக் கற்றிருப்பீர்கள். அவ்வாறாயின் மாற்றி ஏன் பழுதடைகின்றது? ஊக்கி தாக்கத்தினால் முடிவடைந்து போவதில்லை. வேறு காரணங்களால் பாதிக்கப்படுகின்றது.

(1) அதிவெப்பம்: தீப்பொறிச் செருகி ஒன்று ஒழுங்காகத் தீப்பொறி தராவிடின் அவ்வுருளையின் பெற்றோல் எரியாமலே மாற்றியைச் சென்றடைந்து அங்கு ஒட்சியேற்றப்படும். அப்போது வெளிவிடப்படும் வெப்பத்தினால் உலோகத் துணிக்கைகள் ஒன்றுசேர்ந்து பருக்கின்றன, மேற்பரப்பளவு குறைகின்றது. வெப்பநிலை மேலும் உயருமாயின் செரமிக் கட்டியே உருகி வழிகள் அடைபடும்.
(2) நஞ்சூட்டப்படல்: தேய்ந்த எஞ்சினில் எரியும் எண்ணெயிலுள்ள பொசுபரசு, நாகம் ஆகியவற்றின் சேர்வைகளும், தலைக் கஸ்கட் கசிவினால் வரும் குளிர்த்தித் திரவப் பொருள்களும் ஊக்கியின் மேற்பரப்பில் படிந்து அதனை மூடுகின்றன.
(3) பொறிமுறைச் சேதம்: வீதியிலுள்ள கல்லில் மோதுதல், சூடான மாற்றி திடீரென வெள்ளநீரில் அமிழ்தல், தாங்கிகள் உடைவதால் ஏற்படும் அதிர்வு ஆகியவற்றால் செரமிக் கட்டி வெடித்து உடையலாம்.

முதல் இரு காரணங்களும் எஞ்சினில் உள்ள குறைகளால் ஏற்படுபவை என்பதை நினைவிற் கொள்க. அக்குறையைத் திருத்தாது மாற்றியை மட்டும் மாற்றினால் புதியதும் விரைவிற் பழுதடையும். பெருந்தொகைப் பணமும் வீணாகும்.

5. அறிகுறிகள்

• வேகமேற்றும்போது வலுக் குறைவு. மேட்டில் ஏறச் சிரமம்.
• எஞ்சின் இயங்கத் தொடங்கிச் சிறிது நேரத்தில் நின்றுவிடல்.
• வாகனத்தின் அடியிலிருந்து கலகலவென்ற ஓசை. இது செரமிக் கட்டி உடைந்தமையைக் காட்டும்.
• மாற்றியின் உறை செந்நிறமாகச் சூடேறல்.
• அழுகிய முட்டை மணம். இது ஐதரசன் சல்பைட்டினால் ஏற்படுவது. பெற்றோலிலுள்ள கந்தகத்தினாலும் கலவை செறிவாக இருப்பதாலும் உண்டாகலாம். ஆகவே இதனை மட்டும் கொண்டு முடிவு செய்யலாகாது.
• புகைப் பரிசோதனையில் காபனோரொட்சைட்டு, ஐதரோகாபன் அளவுகள் உயர்ந்திருத்தல்.

6. பழுதை உறுதிப்படுத்தும் சோதனைகள்

வலுக் குறைவுக்கு எரிபொருள் வடியின் அடைப்பு, தீப்பொறிக் குறைபாடு முதலிய வேறு காரணங்களும் உண்டு. எனவே தீப்பொறிச் செருகிகள், வளி வடி, புகைக்குழாய்க் கசிவு ஆகியவற்றை முதலிற் பார்த்த பின்னரே மாற்றியைச் சோதித்தல் வேண்டும்.

(அ) தட்டிப் பார்த்தல்: முற்றாகக் குளிர்ந்த மாற்றியை இறப்பர்ச் சுத்தியலால் மெதுவாகத் தட்டுக. உள்ளே கலகலத்தால் கட்டி உடைந்துள்ளது.

(ஆ) வெற்றிடமானிச் சோதனை: மானியை உள்ளெடுப்புக் குழாய்த்தொகுதியுடன் இணைக்க. நல்ல எஞ்சின் ஓய்வு வேகத்தில் ஏறத்தாழ 17 முதல் 21 வரை இரச அங்குல வெற்றிடத்தைக் காட்டும். பின்னர் வேகத்தை நிமிடத்துக்கு 2500 சுழற்சிகளாக உயர்த்தி அதே நிலையிற் பேணுக. வாசிப்பு நிலையாக நிற்காது படிப்படியாகக் குறைந்து செல்லுமாயின் புகை வெளியேறும் வழி அடைபட்டுள்ளது.

(இ) எதிரமுக்கச் சோதனை: மாற்றிக்கு முன்னுள்ள ஒட்சிசன் உணரியைக் கழற்றி அத்துளையில் அமுக்கமானியைப் பொருத்துக. ஓய்வு வேகத்தில் ஏறத்தாழ 10 கிலோபஸ்காலிலும், 2500 சுழற்சிகளில் ஏறத்தாழ 20 கிலோபஸ்காலிலும் குறைவாக இருத்தல் வேண்டும். இதனிலும் மிக அதிகமாயின் அடைப்பு உறுதியாகும்.

(ஈ) வெப்பநிலைச் சோதனை: எஞ்சின் நன்கு சூடேறிய பின் மாற்றியின் நுழைவாயிலினதும் வெளிவாயிலினதும் வெப்பநிலைகளை அகச்சிவப்பு வெப்பமானியால் அளக்க. ஒட்சியேற்றம் புறவெப்பத் தாக்கமாகையால் தொழிற்படும் மாற்றியின் வெளிவாயில் பொதுவாகக் கூடிய சூடாக இருக்கும். எனினும் இது துணைச் சான்று மட்டுமே.

(உ) உணரிகளின் வோல்ற்றளவு: மாற்றிக்கு முன்னும் பின்னும் உணரிகள் உள்ள வாகனங்களில், முன் உணரி 0.1 வோல்ற்றுக்கும் 0.9 வோல்ற்றுக்கும் இடையில் விரைவாக ஏறியிறங்கும். மாற்றி நல்லதாயின் பின் உணரியின் வாசிப்பு ஏறத்தாழ நிலையாக இருக்கும். பின் உணரியும் முன்னதைப் போன்றே ஏறியிறங்குமாயின் மாற்றி ஒட்சிசனைச் சேமிக்கும் ஆற்றலை இழந்துள்ளது. பழைய கார்கள் பலவற்றில் முன் உணரி மட்டுமே உள்ளது. அவற்றில் ஏனைய சோதனைகளையே நம்ப வேண்டும்.

கவனிக்க: (ஆ), (இ) ஆகியன அடைப்பைக் கண்டறிபவை. அடைபடாது செயலிழந்த மாற்றியை வாயுப் பரிசோதனையாலும் (உ) இனாலுமே கண்டறியலாம்.

7. மாற்றீடு செய்யும் படிமுறை

1. எஞ்சினை நிறுத்திப் பல மணி நேரம் குளிர விடுக.
2. சமதளத்தில் வாகனத்தை நிறுத்திச் சில்லுகளுக்குத் தடை வைத்து, ஜக்கினால் உயர்த்தி, உறுதியான தாங்கிகளின் மேல் நிறுத்துக. ஜக்கை மட்டும் நம்பி வாகனத்தின் கீழ் ஒருபோதும் செல்லலாகாது.
3. கண்ணாடியும் கையுறையும் அணிக.
4. துருப்பிடித்த நட்டுகளுக்கும் போல்ட்டுகளுக்கும் துரு இளக்கும் எண்ணெய் இட்டு ஊற விடுக.
5. மின்கலத்தின் மறை முனையைக் கழற்றுக. பின்னர் ஒட்சிசன் உணரியின் மின் இணைப்பையும் உணரியையும் கழற்றுக.
6. புகைக்குழாயைத் தாங்கிக்கொண்டு இரு பக்க விளிம்புப் போல்ட்டுகளையும் கழற்றிப் பழைய மாற்றியை இறக்குக. உடைந்த செரமிக் தூளைச் சுவாசிக்காதவாறு முகமூடி அணிக. பின்பக்கக் குழாயிலும் சைலன்சரிலும் துண்டுகள் தங்கியுள்ளனவா எனப் பார்க்க.
7. விளிம்புகளைச் சுத்தஞ் செய்து புதிய கஸ்கட்டுகளை இடுக. பழையவற்றை மீண்டும் பயன்படுத்தலாகாது.
8. வாகனத்தின் மாதிரிக்கும் எஞ்சினுக்கும் உரிய புதிய மாற்றியை, உறையிலுள்ள அம்புக்குறி வாயு செல்லும் திசையை, அதாவது எஞ்சினிலிருந்து பின்னோக்கிய திசையைக் காட்டுமாறு வைக்குக.
9. எல்லாப் போல்ட்டுகளையும் முதலில் கையால் பொருத்தி, குழாய் நேராக உள்ளதை உறுதிசெய்து, பின்னர் உற்பத்தியாளர் கூறும் முறுக்கத்துக்குச் சிறிது சிறிதாக இறுக்குக.
10. உணரியையும் வெப்பக் கவசத்தையும் மீளப் பொருத்தி, மின்கலத்தை இணைத்து, திறந்த வெளியில் எஞ்சினை இயக்கிக் கசிவு உண்டா எனப் பார்க்க. பின்னர் வாயுப் பரிசோதனை செய்க.

கழற்றிய பழைய மாற்றியைக் குப்பையில் வீசலாகாது. அதிலுள்ள பிளாற்றினம் முதலிய உலோகங்களை மீளப் பெறலாம்.

8. மாற்றிக்குப் பதிலாக வெற்றுக்குழாய் இடலாமா?

புதிய மாற்றியின் விலை அதிகமாகையால் சிலர் அதனை அகற்றி வெற்றுக்குழாயைப் பொருத்துவர். வேறு சிலர் செரமிக் கட்டியை உடைத்தெடுத்து உறையை மட்டும் விடுவர். அடைப்பு நீங்குவதால் வலுக் குறைவு தீர்ந்துவிடும். ஆனால் மூவகை மாசுகளும் மாற்றமின்றி வெளியேறும். குழாயில் சிறு கசிவு ஏற்பட்டாலும் காபனோரொட்சைட்டு வாகனத்தினுள் புகலாம். மணமற்றதாகையால் உள்ளிருப்போர் அறியார். உரிமையாளர் மீதப்படுத்தும் பணத்துக்கான விலையை வீதியோரம் நடந்து செல்லும் பாடசாலைப் பிள்ளைகளும் செலுத்துகின்றனர்.

9. மாதிரி வினா

1998 ஆம் ஆண்டு தயாரிக்கப்பட்ட பெற்றோல் கார் ஒன்றில் வலுக் குறைவு காணப்பட்டது. வெற்றிடமானி ஓய்வு வேகத்தில் 18 இரச அங்குலத்தைக் காட்டியது. 2500 சுழற்சிகளில் பேணியபோது வாசிப்பு படிப்படியாக 8 வரை குறைந்தது. மூன்றாம் உருளையின் தீப்பொறிச் செருகி பெற்றோலால் நனைந்து காணப்பட்டது.

(i) பெரும்பாலும் ஏற்பட்டிருக்கக்கூடிய பழுது யாது?
(ii) அதற்கான காரணத்தை விளக்குக.
(iii) மாற்றியை மட்டும் மாற்றுதல் போதுமா? காரணந் தருக.
(iv) செரமிக் கட்டி தேன்வதை வடிவில் அமைக்கப்பட்டிருப்பது ஏன்?

விடை

(i) ஊக்கல் மாற்றி அடைபட்டுள்ளது. வேகம் பேணப்படும்போது புகை வெளியேற முடியாது தேங்குவதால் வெற்றிட வாசிப்பு படிப்படியாகக் குறைகின்றது.
(ii) மூன்றாம் உருளையில் தீப்பற்றல் நிகழாமையால் எரியாத பெற்றோல் மாற்றியை அடைந்து அங்கு ஒட்சியேறியது. வெளிவிடப்பட்ட வெப்பத்தினால் செரமிக் கட்டி உருகி வழிகள் அடைபட்டன.
(iii) போதாது. தீப்பொறிச் செருகியையும் அதற்கான மின் வழங்கலையும் சோதித்துத் திருத்தாவிடின் எரியாத பெற்றோல் தொடர்ந்து வந்து புதிய மாற்றியையும் பழுதாக்கும்.
(iv) சிறிய கனவளவினுள் ஊக்கியின் மேற்பரப்பளவைக் கூட்டித் தாக்கவீதத்தை அதிகரிப்பதற்கும், வாயு தடையின்றிச் செல்வதற்கும்.

மூன்றாம் பகுதிக்கு "போதாது" என்று மட்டும் எழுதி நிறுத்திப் புள்ளியை இழக்கும் மாணவர் பலர். காரணத்தையும் விளைவையும் தொடர்புபடுத்தி எழுதப் பழகுக.