கோல்ட் ஸ்பாட்: ஏக்கத்தின் அரசியல்

'அந்தக் காலத்து கோல்ட் ஸ்பாட் மாதிரி வருமா?' சத்திரம் பேருந்து நிலையக் கடைகளில் என் வயதுக்காரர்கள் இப்படிப் பேசக் கேட்டிருக்கிறேன். இந்த ஏக்கச் சொல்லாடல் எதையெல்லாம் மறைக்கிறது?

1977இல் அந்நியச் செலாவணிச் சட்டத்துக்கு உட்பட மறுத்து கோக்க கோலா இந்தியாவை விட்டு வெளியேறியது. பார்லேயின் தம்ஸ் அப், பியூர் டிரிங்ஸின் காம்பா கோலா எல்லாம் அந்த வெற்றிடத்தில் வளர்ந்தவை. 1993இல் திரும்பி வந்த கோக், பார்லேயின் பானங்களை வாங்கியது. ஃபான்டாவுக்கு இடம்விட்டு கோல்ட் ஸ்பாட் சந்தையிலிருந்து எடுக்கப்பட்டது. அது தானாச் சாகல. காம்பாவை 2022இல் ரிலையன்ஸ் வாங்கி, 2023இல் மறுபடி இறக்கியது. ஒரு மூலதனம் பொருளை அழிக்கிறது; இன்னொன்று அதன் நினைவை வாங்கி நமக்கே விற்கிறது.

சரி, யாருடைய நினைவு? அதே ஆண்டுகளில் தமிழகக் கிராமங்கள் பலவற்றின் டீக்கடைகளில் இரட்டைக் குவளை இருந்தது. தனிக் கிளாசில் குடித்தவரிடம் போய் 'அது ஒரு பொற்காலம்'னு சொல்ல முடியுமா?

1916இல் தொடங்கிய காளிமார்க்கின் பொவண்டோ இன்றும் கிடைக்கிறது. 2017 மார்ச்சில் வணிகர் சங்கங்கள் கோக், பெப்சியைப் புறக்கணித்தபோது பலரும் அதன் பக்கம் திரும்பினார்கள். பழைய ருசிக்காக ஏங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டையும் யோசிக்கணும்.