பவுலின் கடற்பயணமும் கடல்சார் வரலாற்று நூல்களும்

அப்போஸ்தலர் நடபடிகள் 27-ஆம் அதிகாரத்தை மறையுரைக்கு எடுத்துக்கொள்ளும் ஆயர்கள் பெரும்பாலும் இரு வழிகளில் ஒன்றைப் பின்பற்றுகின்றனர். கப்பலைத் திருச்சபையாகவும், புயலைச் சோதனையாகவும், நான்கு நங்கூரங்களை நான்கு நற்குணங்களாகவும் உருவகப்படுத்துவது ஒரு வழி. தேவதூதன் அளித்த வாக்குறுதியை மட்டும் எடுத்துக்கொண்டு, ஏனைய வசனங்களை வெறும் முன்னுரையாகக் கடந்துவிடுவது மற்றொரு வழி. இவ்விரு வழிகளிலும் கடல் மறைந்துபோகிறது. அத்தேனே பட்டணத்தில் பவுல் ஆற்றிய பேருரைக்குப் பத்து வசனங்களே அளித்த லூக்கா, இந்தக் கடலுக்கு நாற்பத்து நான்கு வசனங்களை ஒதுக்கியிருக்கிறார். காற்று, பாய், விழுது, படவு, சுக்கான், நங்கூரம் ஆகிய ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் குறிக்கிறார். இவற்றின் பொருளை அறிய, அக்காலக் கடலோட்டத்தைப் பற்றிய சான்றுகளை நாம் நாட வேண்டியவர்களாயிருக்கிறோம். அச்சான்றுகள் எவை, அவற்றை எவ்வளவு தூரம் நம்பலாம் என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. பண்டைய ஆசிரியர்கள்

முதலாவது, பண்டைய எழுத்தாளர்களின் நூல்கள். கி.பி. நான்காம் நூற்றாண்டின் இறுதியிலோ ஐந்தாம் நூற்றாண்டிலோ எழுதிய வெகேத்தியுஸ் என்னும் இலத்தீன் ஆசிரியர், போர்க்கலையைப் பற்றிய தம் நூலின் நான்காம் பகுதியில் கடற்பயணக் காலங்களை வரையறுத்துக் கூறுகிறார். மே 27 முதல் செப்டம்பர் 14 வரை கடல் பாதுகாப்பானது. அதன் பின்னர் ஐயத்திற்குரியது. நவம்பர் 11 முதல் மார்ச் 10 வரை கடல் அடைபட்டதாகும். லூக்கா 9-ஆம் வசனத்தில் "உபவாச நாளும்" கடந்துபோயிற்று என்று குறிப்பிடுவதை இதனோடு ஒப்பிடுக. அது பாவநிவாரண நாளாகும். பயண ஆண்டு கி.பி. 59 என்று கொண்டால், அந்நாள் அக்டோபர் 5 அளவில் வந்திருக்கும். ஆகவே கப்பல், பாதுகாப்பான காலம் முடிந்து, அடைப்புக் காலம் தொடங்காத இடைப்பட்ட வாரங்களில் இருந்தது. பவுலின் எச்சரிப்பும் மாலுமியின் துணிவும் ஆகிய இரண்டுமே அந்த வாரங்களில் நியாயமாகத் தோன்றக்கூடியவை என்பதை நாம் கவனிக்க வேண்டும்.

அலெக்சந்திரியாவின் தானியக் கப்பல்களைப் பற்றி அறிய, இரண்டாம் நூற்றாண்டு கிரேக்க எழுத்தாளர் லூசியான் எழுதிய "கப்பல்" என்னும் உரையாடல் உதவுகிறது. புயலால் வழி தவறி அத்தேனேயின் துறைமுகத்திற்கு வந்த "ஈசிஸ்" என்ற கப்பலின் நீளம் 120 முழம் என்றும், அது புறப்பட்ட எழுபதாம் நாளில் அங்கு வந்து சேர்ந்தது என்றும் அவர் கூறுகிறார். இது புனைவு கலந்த உரையாடல் என்பதால், அளவுகளைப் பற்றி அறிஞர்களிடையே ஒருமித்த கருத்து இல்லை. ஆயினும் அக்கப்பல் மேற்கொண்ட வழி நமக்கு முக்கியமானது. ரோமாபுரியிலிருந்து அலெக்சந்திரியாவுக்குச் செல்லும் கப்பல் வடமேற்குக் காற்றின் துணையால் விரைந்து செல்லும். புத்தேயோலியிலிருந்து ஒன்பதாம் நாளில் அங்கே சேர்ந்த ஒருவரைப் பிளினி குறிப்பிடுகிறார். திரும்பி வரும் கப்பலோ அதே காற்றை எதிர்த்து, வடக்கே ஆசியாமைனர் கரையை அடைந்து, பின்னரே மேற்கே திரும்ப வேண்டும். எகிப்திலிருந்து இத்தாலிக்குச் செல்லும் கப்பலை நூற்றுக்கு அதிபதி மீறா பட்டணத்தில் கண்டது தற்செயலன்று. அதுவே அக்கப்பல்களின் வழக்கமான வழி.

கப்பலில் 276 பேர் இருந்தனர் என்பதைச் சிலர் ஐயுறுவர். வத்திக்கான் சுவடியில் இவ்வெண் "சுமார் 76" என்று காணப்படுவதும் உண்மையே. ஆனால் யோசேப்பு என்னும் யூத வரலாற்றாசிரியர், தாம் ரோமாபுரிக்குச் சென்ற கப்பல் ஆதிரியாக் கடலில் மூழ்கியபோது அதில் ஏறத்தாழ 600 பேர் இருந்தனர் என்றும், அவர்களுள் எண்பது பேரளவே மற்றொரு கப்பலால் காப்பாற்றப்பட்டனர் என்றும் தம் வரலாற்றில் எழுதியிருக்கிறார். இவ்வொரு குறிப்பு நமக்கு மூன்று செய்திகளைத் தருகிறது. 276 என்பது மிகையான எண்ணன்று. "ஆதிரியா" என்னும் பெயர் இன்றைய வளைகுடாவுக்கு அப்பாலும் வழங்கியது. யாவரும் கரைசேர்வது அக்காலத்தில் இயல்பான முடிவன்று.

கப்பல் எஜமான் ஏன் இவ்வளவு துணிந்தான் என்ற வினாவுக்குச் சுவேத்தோனியுஸ் விடை தருகிறார். ரோமாபுரியின் தானியப் பஞ்சத்தைக் கண்ட கிலவுதியுராயன், குளிர்காலத்திலும் தானியம் கொண்டுவரும் வணிகருக்குப் புயலால் நேரும் இழப்பைத் தானே ஏற்பதாக அறிவித்தான். மாநகரின் பசியே மனிதரைக் காலம் தவறிய கடலுக்குத் தள்ளியது.

2. கல்வெட்டுகளும் பப்பிரசுச் சுவடிகளும்

இரண்டாவது, கல்லிலும் பப்பிரசிலும் எஞ்சியவை. புயற்காற்றின் பெயரைப் பிற்காலச் சுவடிகள் "யூரோக்கிலிதோன்" என்கின்றன. தொன்மையான சுவடிகளில் "யூராக்கிலோன்" என்றே உள்ளது. கிழக்குக் காற்றைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லும் வடகாற்றைக் குறிக்கும் இலத்தீன் சொல்லும் இணைந்த கலப்புச் சொல் இது; நம் கரையோர மக்கள் வாடையையும் கொண்டலையும் இணைத்துப் பெயரிட்டாற்போன்றது. இத்தகைய சொல்லே இல்லை என்று வாதிட்டவர்களுக்கு வட ஆப்பிரிக்காவின் துக்கா நகரத் தளக்கல் மறுமொழி அளிக்கிறது. அதில் செதுக்கப்பட்ட பன்னிரு காற்றுகளின் வட்டத்தில் இப்பெயர் இலத்தீனில் காணப்படுகிறது. கோலின் ஹெமர் 1975-இல் எழுதிய கட்டுரையில் இதனை விரிவாக ஆராய்ந்தார்.

கப்பலைச் சுற்றிக் கட்டியதாக 17-ஆம் வசனம் கூறுவதும் இவ்வாறே. அத்தேனேயின் கடற்படைப் பொருட்கணக்குக் கல்வெட்டுகள் 1834-இல் பிரேயுஸ் துறைமுகத்தில் கண்டெடுக்கப்பட்டு, 1840-இல் அவுகுஸ்து போக் என்பவரால் வெளியிடப்பட்டன. கப்பலின் உடல் பிளவாதபடி இறுக்கும் கயிறுகள் அக்கணக்கில் கப்பலுக்குரிய பொருட்களாகவே எண்ணப்பட்டுள்ளன. போர்க்கப்பலின் கயிறுகள் எவ்வாறு பூட்டப்பட்டன என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. ஆனால் அவ்வழக்கம் லூக்காவின் கற்பனையன்று என்பதில் ஐயமில்லை.

அலெக்சந்திரியாவின் மறுபக்க வணிகம் நம் நாட்டைத் தொட்டது. "எரித்திரேயக் கடற் பெரிப்ளுஸ்" என்னும் முதல் நூற்றாண்டுக் கிரேக்கக் கையேடு முசிறித் துறைமுகத்தை விவரிக்கிறது. முசிறி வணிகத்திற்கான கடன் ஒப்பந்தத்தைக் கொண்ட இரண்டாம் நூற்றாண்டுப் பப்பிரசு ஒன்று 1985-இல் வெளியிடப்பட்டது. பவுலை ஏற்றிச்சென்ற கப்பலின் துறைமுகத்திற்கே நம் கரையின் மிளகும் சென்று சேர்ந்தது என்பதை மாணவர் நினைவில் கொள்வது நலம்.

3. கடலடி அகழாய்வு

மூன்றாவது, கடலடியில் கிடைத்த கப்பல்கள். பிரான்சின் தென்கரையில், மத்ராக் தே ஜியான் என்னுமிடத்தில் 1972 முதல் 1982 வரை அகழ்ந்தாராயப்பட்ட ரோமக் கப்பல் ஏறத்தாழ 40 மீட்டர் நீளமுடையது. ஏ. ஜே. பார்க்கர் 1992-இல் வெளியிட்ட பட்டியலில், மத்தியதரைக் கடலிலும் ரோம மாகாணங்களிலும் கண்டறியப்பட்ட 1,200-க்கு மேற்பட்ட கப்பற்சிதைவுகள் தொகுக்கப்பட்டுள்ளன. மால்ட்டாவின் கடலடியில் பழைய ஈய நங்கூரத் தண்டுகள் கிடைத்திருப்பது மெய்யே. அவற்றுள் நான்கு பவுலின் கப்பலுக்குரியவை என்று கூறும் நூல்கள் அவ்வப்போது வெளிவருகின்றன. பல நூற்றாண்டுகள் கப்பல்கள் ஒதுங்கிய தீவில் நங்கூரங்கள் கிடைப்பது இயல்பு. இன்ன நங்கூரம் இன்ன கப்பலினுடையது என்று காட்டும் சான்று எதுவுமில்லை. இத்தகைய செய்திகளைப் பீடத்திலிருந்து அறிவிக்க நாம் விரையலாகாது.

4. ஜேம்ஸ் ஸ்மித்தின் நூல்

இச்சான்றுகளை ஒருங்கிணைத்து இவ்வதிகாரத்தை ஆராய்ந்த நூல்களுள் முதலிடம் பெறுவது, ஸ்காத்துலாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் ஸ்மித் 1848-இல் வெளியிட்ட "பரிசுத்த பவுலின் கடற்பயணமும் கப்பற்சேதமும்" என்பதாகும். அவர் தொழில்முறை இறையியலாளர் அல்லர், புவியியல் ஆராய்ச்சியாளர், பாய்க்கப்பல் ஓட்டுவதில் பழகியவர். 1844-45 குளிர்காலத்தை மால்ட்டாவில் கழித்து, பிரிட்டிஷ் கடற்படையின் கடல்வரைபடங்களையும் அதிகாரிகளின் அனுபவத்தையும் துணைக்கொண்டு எழுதினார்.

அவருடைய முறை எளிமையானது. வடகீழ்க் காற்றில் பாயைச் சுருக்கி, வலப்பக்கத்தைக் காற்றுக்குக் காட்டி நிற்கும் கப்பல், எத்திசையில் எவ்வளவு வேகமாக ஒதுக்கப்படும் என்று மாலுமிகளைக் கேட்டார். மணிக்கு ஏறத்தாழ ஒன்றரை மைல் என்பது அவர் கொண்ட சராசரி. கிலவுதாவிலிருந்து மால்ட்டாவுக்கு ஏறத்தாழ 476 கடல்மைல். கணக்கிட்டால், பதின்மூன்று நாளுக்குச் சற்று மேலாகிறது. லூக்காவோ பதினாலாம் இராத்திரி என்கிறார். விழுது விட்டபோது கண்ட இருபது பாகமும் பதினைந்து பாகமும், பவுலின் வளைகுடாவை அணுகும் வழியிலுள்ள ஆழங்களோடு ஒத்துவருவதையும் அவர் காட்டினார். மாலுமிகள் எந்த இடத்திற்கு அஞ்சினர் என்பதும் இதனால் தெளிவாகிறது. மணல் என்றே நாம் படித்துப் பழகிய சொல் மூலத்தில் "சீர்த்திஸ்" என்னும் இடப்பெயர். லீபியாக் கரையில் கப்பல்களை விழுங்கிய ஆழமற்ற வளைகுடாக்கள் அவை.

5. கருத்து வேறுபாடுகள்

மால்ட்டாவை எல்லாரும் ஏற்றுக்கொண்டதில்லை. ஆதிரியா வளைகுடாவிலுள்ள மெலேதாத் தீவே அது என்று 1730-இல் ஒரு நூல் வாதிட்டது. ஹைன்ஸ் வார்னெக்கே 1987-இல் கிரேக்கத்தின் மேற்கிலுள்ள கெபலேனியாவைக் குறித்தார். காற்றின் திசையும் பின்னர்ச் சென்ற வழியும் மால்ட்டாவுக்கே சாதகமாயிருப்பதால், பெரும்பாலோர் அதனையே கொள்கின்றனர்.

இதைவிட ஆழமான வினா இலக்கிய வகையைப் பற்றியது. மார்ட்டின் டிபேலியுஸ், இருந்த ஒரு கடற்பயண விவரத்தில் பவுலைப் பற்றிய பகுதிகள் சேர்க்கப்பட்டன என்று கருதினார். வெர்னன் ராபின்ஸ் 1978-இல், "நாங்கள்" என்று தன்மைப் பன்மையில் கூறுவது பண்டைய கடற்பயணக் கதைகளின் மரபு என்றார். படர்க்கையில் சொல்லப்பட்ட கடற்பயணங்களும் பல உண்டென்று அவரை மறுத்தோர் காட்டினர். இங்கே நாம் நிதானமாயிருக்க வேண்டும். ஸ்மித்தின் கணக்கு, இதை எழுதியவர் கடலை அறிந்தவர் அல்லது அறிந்தவரிடம் கேட்டவர் என்பதைக் காட்டுகிறது. தேவதூதன் தோன்றியதை அது நிறுவவில்லை, நிறுவவும் இயலாது. கணக்கு முடியுமிடத்தில் விசுவாசம் தொடங்குகிறது என்பதைச் சபைக்கு மறைக்க வேண்டியதில்லை.

6. கையாளத்தக்க நூல்கள்

நூலகத்தில் தேடும் மாணவர் முதலில் லயனல் காசன் எழுதிய "பண்டைய உலகில் கப்பல்களும் கடலோட்டமும்" என்னும் 1971-ஆம் ஆண்டு நூலைக் காண்க. பெரிப்ளுஸை 1989-இல் மொழிபெயர்த்தவரும் அவரே. நடபடிகளின் வரலாற்றுப் பின்னணிக்கு 1989-இல் வெளிவந்த ஹெமரின் நூல் இன்றியமையாதது. கலைச்சொற்களுக்குப் பீட்டர் கெம்ப் 1976-இல் தொகுத்த ஆக்ஸ்போர்டு கப்பல்-கடல் துணைநூலும், விரிவான கட்டுரைகளுக்கு ஜான் ஹாட்டன்டார்ப் பதிப்பித்து 2007-இல் நான்கு தொகுதிகளாக வந்த ஆக்ஸ்போர்டு கடல்சார் வரலாற்றுக் கலைக்களஞ்சியமும் உதவும். இடங்களை அறிய 2000-ஆம் ஆண்டின் பாரிங்டன் நிலப்படத் தொகுப்பு சிறந்தது. ஸ்மித்தின் நூலைப் படிப்போர் அதனைக் காசனோடு ஒப்பிட்டே படிக்க வேண்டும். கடலடி அகழாய்வு பிறப்பதற்கு ஒரு நூற்றாண்டுக்கு முன் எழுதப்பட்டது அது.

7. மறையுரைக்குப் பயன்

இத்தனை நூல்களும் மறையுரையாளருக்கு எதற்கு என்று கேட்கலாம். பவுல் இப்பயணத்திற்கு முன்னரே மூன்று தரம் கப்பற்சேதத்தில் இருந்தவர் என்பதை 2 கொரிந்தியர் 11:25 கூறுகிறது. 10-ஆம் வசனத்தில் உயிர்ச்சேதமும் வருமென்று அவர் எச்சரித்தார்; முடிவில் ஒருவரும் மாளவில்லை. லூக்கா இம்முரணைத் திருத்தாமல் விட்டிருக்கிறார். ஆகவே அங்கே பேசியது அனுபவமுள்ள பயணியின் கணிப்பு. 24-ஆம் வசனத்தில் வருவது அருளப்பட்ட வாக்கு. இரண்டையும் ஒன்றாக்கிப் பேசுவது இரண்டுக்கும் நீதியன்று.

வாக்குறுதி கிடைத்த பின்னரும், மாலுமிகள் கப்பலில் தங்காவிட்டால் நீங்கள் தப்ப முடியாது என்று 31-ஆம் வசனத்தில் பவுலே கூறுகிறார். தேவ வாக்கு கைத்தொழிலறிந்த மனிதரை வேண்டாததாக்கவில்லை. விழுது விட்டவரும், நங்கூரம் இறக்கியவரும், கோதுமையைக் கடலில் எறிந்தவரும் அந்த இரட்சிப்பின் வரலாற்றில் இடம்பெறுகின்றனர். உருவகத்தால் இவர்களை அழித்துவிடும் மறையுரை, வசனத்தின் மையத்தையே இழக்கிறது.

நம் திருச்சபைகளுள் பல கடற்கரையில் நிற்கின்றன. அங்கே அமர்ந்து கேட்பவர்களுள் காற்றின் பெயர்களை ஆயரைவிட நன்கு அறிந்தவர் உண்டு. கடலுக்குச் சென்று திரும்பாத கணவனையும் மகனையும் உடையவர் உண்டு. அவர்களுக்கு முன் புயலை வெறும் உவமையாக்கிப் பேசுவதற்கு முன்னர், லூக்கா எழுதிய கடலை நாம் பொறுமையுடன் கற்றுக்கொள்வோமாக.