வானத்தின் மேல் பழி – 9: பாங்காங் ஏரிக்கு மேலே இரண்டு வெளிச்சங்கள்

நாட்றம்பள்ளி ‘விண்கல்’ கதை போன வாரத்தோடு முடிந்தது. இந்த வாரம், பறக்கும் தட்டுப் புகார்கள் அடங்கிய அமெரிக்க விமானப்படையின் புளூ புக் கோப்புகளைப் பிரிப்பதாகச் சொல்லியிருந்தேன். லடாக் குறுக்கே வந்துவிட்டது.

2012 ஆகஸ்டு முதல் 2013 பிப்ரவரி வரை, பாங்காங் ஏரிப் பக்கம் எல்லையில் காவலிருந்த இந்திய ராணுவத்தினர், வானத்தில் ஒளிப்பொருள்களைக் கண்டதாக 329 முறை பதிவு செய்தார்கள். சீனப் பக்கத்து அடிவானத்திலிருந்து மஞ்சளாக ஒன்று கிளம்பும். மூன்று மணி, ஐந்து மணி நேரம் மெல்ல ஊர்ந்து மறையும். உளவு ட்ரோன் என்று சந்தேகம். அவற்றில் 155 எல்லை மீறல்கள் என்றே கணக்கில் ஏறின.

பெங்களூரிலுள்ள இந்திய வான் இயற்பியல் நிறுவனத்திடம் கேட்டார்கள். வானியலாளர்கள் கேட்டது எளிய காரியம்: பொருளின் நகர்வைப் பக்கத்து விண்மீன்களோடு ஒப்பிட்டுக் குறித்துத் தாருங்கள். ட்ரோன் என்றால் விண்மீன்களை விட்டு விலகி ஓடும். கோள் என்றால் அவற்றோடு சேர்ந்தே எழும், சேர்ந்தே சாயும். குறிப்புகள் வந்தன. ஒன்று வெள்ளி, மற்றது வியாழன்.

அந்த மாதங்களின் வானத்தை நினைத்துப் பாருங்கள். 2012 ஆகஸ்டு நடுவில் வெள்ளி சூரியனை விட்டு மேற்கே மிகவும் விலகி நின்றது. விடியலுக்கு மூன்று மணி நேரம் முன்பே கிழக்கில் எழுந்துவிடும். டிசம்பர் 3 அன்று வியாழன் சூரியனுக்கு நேர் எதிரே. இருட்டியதும் உதித்து இரவு முழுக்கக் காயும். அங்கே கிழக்கு என்பது சீனப் பக்கம். இங்கே சிங்கப்பூரில், செம்பவாங் பூங்காக் கரையில் நின்றால், எதிர்க்கரைப் பாசிர் கூடாங் விளக்குகளுக்கும் கடல் ஈரத்துக்கும் நடுவே விடிவெள்ளி சோகையாகத்தான் தலைகாட்டும். பாங்காங்கின் 4,200 மீட்டர் உயரத்தில் காற்றில் பத்தில் நான்கு பங்கு காலடிக்குக் கீழே போய்விடுகிறது. மலை முகட்டைத் தாண்டும் கணத்திலேயே கோள் முழு வெளிச்சத்தோடு வந்து நிற்கும்.

2013 ஜூலையில் செய்தி வெளியானதும் உலகம் சிரித்தது. எனக்குச் சிரிக்கத் தோன்றவில்லை. உறைபனியில் நின்றுகொண்டு பார்த்ததைப் பார்த்தபடி எழுதி வைத்தவர்கள் அவர்கள். அந்தக் குறிப்புகள் இல்லாமல் பெங்களூரில் யாரும் எதையும் சொல்லியிருக்க முடியாது. எங்கள் புளோக்கில் கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணன் ஒருவர் இருக்கிறார். கதையைக் கேட்டுவிட்டு, “நாங்க நைட் ஷிப்ட்ல வெள்ளி முளைச்சதைப் பாத்துத்தான் தம்பி மணி சொல்லுவோம். ஆனா அது எங்க ஊரு கரை. சண்டைக்காரன் வீட்டுப் பக்கம் முளைச்சா யாருக்குத்தான் சந்தேகம் வராது?” என்றார்.

இந்த வாரம் என் தூக்கத்தைக் கெடுத்தது வேறொன்று. அந்தப் பெங்களூரு நிறுவனத்தின் வேரைத் தேடிப் போனால் 1899-இல் கொடைக்கானல் ஆய்வுக்கூடம், அதற்கும் முன்னே நுங்கம்பாக்கத்தில் 1792-இல் கட்டிய மதராஸ் வானாய்வுக்கூடம். அங்கே உதவியாளராக இருந்தவர் சிந்தாமணி ரகுநாதாச்சாரி. 1867-இல் ஆர் ரெட்டிகுலி என்ற மாறொளி விண்மீனைக் கண்டுபிடித்தவர். 1874 டிசம்பர் 9 அன்று வெள்ளி சூரிய வட்டத்தின் குறுக்கே கடக்கப் போகிறது என்றதும், சாதாரண மக்களுக்காக ஒரு சிறு நூல் எழுதினார். பஞ்சாங்க மரபில் ஊறியவர்களும் ஏற்கும்படி, இருவர் பேசிக்கொள்ளும் உரையாடலாக அமைத்தார். ஆங்கிலத்தில் மட்டும் போட்டுவிட்டு நிற்காமல் இந்திய மொழிகளிலும் கொண்டுவந்தார். இதோ வெள்ளி, பயப்பட எதுவுமில்லை, நின்று பாருங்கள் என்று அந்த மதராஸ்காரர் ஊருக்குச் சொல்லி 138 ஆண்டு கழித்து, அதே மரபில் வந்த நிறுவனம் ஒரு ராணுவத்துக்கு வெள்ளியை அடையாளம் காட்டியிருக்கிறது! ரகுநாதாச்சாரியின் பெயர் நம் பிள்ளைகளின் பாடநூலில் இருக்க வேண்டும்.

புளூ புக் அடுத்த வாரம், கட்டாயம். 1947 முதல் 1969 வரை 12,618 புகார்கள். அவற்றில் 701-க்கு விடை கிடைக்கவில்லை. ரகுநாதாச்சாரியைப் பற்றி இன்னும் ஏதாவது கையில் சிக்கினால் அதற்கும் அரைப் பக்கம் ஒதுக்கச் சொல்லி ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன்.