இன்னொருவராக நின்று கற்றல்

நான்கு வயதுக் குழந்தையைக் கணினி முன்னால் உட்கார வைக்கிறார்கள். திரையில் ஒரு குறிப்பிட்ட படம் வந்தால் பொத்தானை அழுத்த வேண்டும். வேறு படம் வந்தால் சும்மா இருக்க வேண்டும். பத்து நிமிடமும் இதே வேலைதான். பெரியவர்களுக்கே கொட்டாவி வரும். கையெட்டும் தூரத்தில் விளையாட்டு ஓடும் ஐபேட் ஒன்றும் இருக்கிறது. சலித்துப்போனால் அதை எடுத்துக்கொள்ளலாம், யாரும் தடுக்கமாட்டார்கள்.

அமெரிக்காவில் நான்கு வயதிலும் ஆறு வயதிலும் இருந்த 180 குழந்தைகளை வைத்துச் செய்த இந்தச் சோதனை 2017-ல் வெளியானது. குழந்தைகளை மூன்று குழுவாகப் பிரித்தார்கள். முதல் குழு, “நான் உழைக்கிறேனா?” என்று தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும். இரண்டாவது குழு தன் பெயரைச் சொல்லி, வேறு யாரையோ விசாரிப்பதுபோல் கேட்க வேண்டும். மூன்றாவது குழுவில் இருந்தவர்கள் பேட்மேன் போலத் தங்களுக்குப் பிடித்த ஒரு பாத்திரமாகவே மாறி, “பேட்மேன் உழைக்கிறானா?” என்று கேட்க வேண்டும். மொத்தத்தில் குழந்தைகள் ஐபேடில்தான் அதிக நேரம் போக்கினார்கள். ஆனால் வேலையில் கூடுதல் நேரம் தாக்குப்பிடித்தவர்கள் பேட்மேன்கள். தன் பெயரைச் சொன்னவர்கள் அடுத்து வந்தார்கள். “நான்” என்றவர்கள் கடைசி.

நாடகம் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவர் இந்த ஆய்வைப் படித்தால் அவர் மனதில் முதலில் வருகிற பெயர் சோவியத் உளவியலாளர் லெவ் வைகோட்ஸ்கி. லெனின்கிராடில் 1933-ல் குழந்தை விளையாட்டைப் பற்றி அவர் ஆற்றிய உரை, நாடகக் கல்வி பயில்கிறவர்கள் இன்றும் தேடிப் படிப்பது. குச்சியைக் காலிடுக்கில் வைத்துக் குதிரையாக ஓட்டும் குழந்தை, கண்ணுக்குத் தெரியும் பொருளிலிருந்து அதன் அர்த்தத்தைப் பிரித்தெடுக்கப் பழகுகிறது என்றார் அவர். விளையாட்டின் விதிக்குக் கட்டுப்படும்போது, அன்றாடத்தில் அதற்குக் கைவராத பொறுமையும் கட்டுப்பாடும் வந்துவிடுகின்றன. பின்னால் மனுய்லென்கோ என்ற சோவியத் ஆய்வாளர் இதைச் சோதித்துப் பார்த்தார். “அசையாமல் நில்” என்றால் சீக்கிரமே நெளிந்துவிடும் சிறுகுழந்தைகள், “நீதான் காவல்காரன்” என்றதும் வெகுநேரம் நின்றார்கள்.

இப்படி இன்னொருவராக நிற்பதையே ஒரு கற்பித்தல் முறையாக வளர்த்தெடுத்தவர் டோரதி ஹீத்கோட். 1926-ல் இங்கிலாந்தின் யார்க்‌ஷயரில் பிறந்து, பதினான்கு வயதில் பள்ளியை விட்டு, கம்பளி ஆலையில் தறி ஓட்டப் போனவர். நாடகப் பள்ளியில் இடம் கிடைத்தபோது படிப்புச் செலவை ஆலை முதலாளியே ஏற்றுக்கொண்டார். படிப்பு சரிப்படாவிட்டால் அவளுடைய மூன்று தறிகளும் காத்திருக்கும் என்றும் சொல்லி அனுப்பினார். அந்தத் தறிகளுக்கு ஹீத்கோட் திரும்பவே இல்லை. 1951-ல் டர்ஹம் பல்கலைக்கழகத்தின் நியூகாசில் பிரிவில் ஆசிரியர்களுக்குப் பயிற்சி தரும் வேலை கிடைத்தது. 2011-ல் இறக்கும்வரை வகுப்பறையே அவர் களமாக இருந்தது.

அவர் வகுப்பில் மேடை கிடையாது, பார்வையாளர் கிடையாது, எழுதிக்கொடுத்த வசனமும் கிடையாது. பிள்ளைகளிடம் ஒரு பொறுப்பு ஒப்படைக்கப்படும். “நீங்கள் எல்லாரும் ஓர் அருங்காட்சியகத்தை நடத்துகிறவர்கள்” என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் கதவருகே போய், ஒரு பெட்டியைச் சுமந்துகொண்டு திரும்பி வருகிறார். இப்போது அவர் ஆசிரியர் இல்லை, பொருளைக் கொண்டுவந்து சேர்க்கும் புது ஆள். “இதை எங்கே வைக்கணும்னு தெரியலீங்க. மண்ணுக்கடியில கிடந்ததாம். தண்ணி பட்டா கெட்டுப்போயிடுமா?” என்று தயங்கித் தயங்கிக் கேட்கிறார். வகுப்பு நிமிர்ந்து உட்காரும். ஒருத்தி சத்தம் போடாமல் வைக்கச் சொல்வாள். இன்னொருவன் எங்கே எடுத்தது, யார் எடுத்தது என்று விசாரிப்பான். பதிவேடு வேண்டும் என்பார்கள். பதிவேடு என்றால் எழுத வேண்டும். எழுத வேண்டுமென்றால் அளக்க வேண்டும், எந்தக் காலத்துப் பொருள் என்று தேடிப் படிக்க வேண்டும். மொழியும் கணக்கும் வரலாறும் அவர்களுக்கே தேவைப்பட்டு உள்ளே வருகின்றன.

இந்த முறையில் எனக்குப் பெரிய கண்டுபிடிப்பாகத் தோன்றுவது கேள்வியில் நடக்கும் மாற்றம். வழக்கமான வகுப்பில் ஆசிரியர் தனக்கு விடை தெரிந்ததைத்தான் கேட்கிறார். பிள்ளைகளுக்கும் அது தெரியும். அதனால் பதிலைச் சொல்வதைவிட ஆசிரியர் மனதில் என்ன இருக்கிறது என்று ஊகிப்பதிலேயே கவனம் போய்விடுகிறது. பெட்டி சுமந்து வந்தவருக்கோ உண்மையிலேயே விடை தெரியாது. அவருக்குச் சொல்லித்தர வேண்டும் என்றால் சொல்கிறவருக்கு விஷயம் தெளிவாக இருந்தாக வேண்டும். பிள்ளைகளுக்கு நிபுணர் என்ற போர்வையைப் போர்த்திவிடுவது என்று ஹீத்கோட் இதற்குப் பெயர் வைத்தார். 1970-களின் தொடக்கத்தில் பிபிசி அவரைப் பற்றி எடுத்த ஆவணப்படத்தில், சீர்திருத்தப் பள்ளிப் பையன்கள் போர்க்கைதிகளாக நடிக்க, அவரே ஜெர்மானிய அதிகாரியாக உள்ளே வருவார். அந்தப் பையன்கள் அவரை எதிர்கொள்ளும் விதத்தைப் பார்த்தவர்கள், நாடக வகுப்பு என்றால் பொழுதுபோக்கு என்று பிறகு சொல்லமாட்டார்கள்.

நம் பள்ளிகளில் நாடகம் என்றால் ஆண்டு விழாதான். பதினைந்து நாளைக்கு முன்னால் வசனத்தாள் கைக்கு வரும். பிள்ளை அதை மனப்பாடம் செய்யும். மேடையில் மறந்து நிற்கும்போது திரைக்குப் பின்னாலிருந்து டீச்சர் எடுத்துக்கொடுப்பார். தொழில்முறை நடிகர்கள் இப்படியா வசனத்தை ஏற்றிக்கொள்கிறார்கள்? உளவியலாளர் ஹெல்கா நாய்ஸ், நடிகரான டோனி நாய்ஸ் தம்பதி பல ஆண்டுகள் இதை ஆராய்ந்தார்கள். நடிகர்கள் சொற்களை உருப்போடுவதில்லை. இந்த ஆள் இதை ஏன் சொல்கிறான், எதிரில் இருப்பவரிடமிருந்து என்ன வேண்டும் என்று ஒவ்வொரு வரிக்கும் காரணம் தேடுகிறார்கள். சொற்கள் அந்தக் காரணத்தைப் பற்றிக்கொண்டு மனதில் தங்குகின்றன. நின்ற இடத்தில் சொன்ன வரிகளைவிட நடந்துகொண்டோ கையை அசைத்தோ சொன்னவை கூடுதலாக நினைவில் நிற்பதையும் அவர்கள் கண்டார்கள். 2004-ல் வெளியான அவர்களுடைய ஆய்வொன்றில் 60 வயதைத் தாண்டியவர்களுக்கு நான்கு வாரம் நடிப்புப் பயிற்சி கொடுத்தார்கள். சொற்களை நினைவில் கொள்வதிலும் சிக்கலை அவிழ்ப்பதிலும் முன்னேற்றம் தெரிந்தது.

ஆனால் தொழிலை நேசிக்கும் ஆசிரியர் தனக்குச் சாதகமில்லாத ஆய்வையும் படித்துத்தான் ஆக வேண்டும். நாடகம் கற்றால் அறிவு கூடும், மதிப்பெண் ஏறும் என்று பெற்றோரிடம் சொல்லத் தோன்றும். டொராண்டோவில் உளவியலாளர் கிளென் ஷெல்லன்பெர்க் 144 ஆறு வயதுக் குழந்தைகளில் சிலருக்கு இசையும் சிலருக்கு நாடகமும் ஓராண்டு கற்பிக்கச் செய்தார். சிலருக்கு எதுவும் கற்பிக்கவில்லை. 2004-ல் வந்த முடிவின்படி, அறிவுத்திறன் அளவில் சிறு கூடுதல் இசைக் குழுவுக்கே கிடைத்தது. நாடகக் குழுவில் மேம்பட்டது வேறொன்று: மற்றவர்களோடு ஒத்துப்போய்ப் பழகும் விதம். 2012-ல் தாலியா கோல்ட்ஸ்டைனும் எலன் வின்னரும் வெளியிட்ட ஆய்வும் இதே திசையில்தான் நிற்கிறது. ஓராண்டு நடிப்புப் பயின்ற பிள்ளைகளிடம், மற்ற கலைகள் பயின்றவர்களைவிடப் பிறர் உணர்வை உணரும் தன்மை கூடுதலாக வளர்ந்திருந்தது.

படிப்பு சார்ந்து உறுதியாகச் சொல்லக்கூடிய ஒன்றும் உண்டு. ஆன் பொட்லோஸ்னி 80 ஆய்வுகளைத் திரட்டி அலசி 2000-ல் வெளியிட்ட கட்டுரை அதைக் காட்டுகிறது. ஒரு கதையை வகுப்பில் நடித்துப் பார்த்த குழந்தைகள் அந்தக் கதையை நன்றாகப் புரிந்துகொண்டார்கள். இதில் வியப்பில்லை. நடித்துப் பார்க்காத புதிய கதைகளைப் படிக்கும்போதும் அவர்களுடைய மொழித்திறன் மேம்பட்டிருந்ததுதான் முக்கியம். ஓரிடத்தில் கற்றது இன்னோர் இடத்துக்குத் தானாகப் போய்ச் சேர்வது கல்வியில் அபூர்வம்.

இலங்கையில் ‘நாடகமும் அரங்கியலும்’ பொதுத் தேர்வுக்குரிய பாடம். தமிழ் மாணவர்கள் அதைத் தமிழிலேயே படித்து எழுதுகிறார்கள். தமிழ்நாட்டுப் பள்ளிகளில் அப்படியொரு பாடம் வரும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. ஹீத்கோட்டின் முறைக்கு மேடை, ஒப்பனை, ஒலிபெருக்கி எதுவும் தேவைப்படவில்லை. ஆண்டு விழா ஒத்திகைக்கு ஒதுக்கும் நேரத்தில் பாதியை, வாரம் ஒரு பீரியடாக ஆண்டு முழுவதும் பிரித்துக் கொடுங்கள். எடுத்த எடுப்பில் தமிழ்ப் பாடத்தின் ஒரு கதையிலிருந்தே தொடங்கலாம். வசனத்தாள் மட்டும் கொடுக்காதீர்கள்.