நிரப்பிய நிலத்துக்கு ஈடு எது?

மாரி பிறந்தால் கல்முனை, சாய்ந்தமருது, மருதமுனைப் பகுதிகளில் ஒரே கேள்விதான் எழும்: இம்முறை வெள்ளம் எந்த வீதியில் ஏறும்? கடலால் வீடிழந்து, மேற்கே வயலோரக் குடியிருப்புகளுக்கு வந்த குடும்பங்களே இதை அதிகம் கேட்கின்றன. விடை காண, முதலில் நமது காலடி நிலத்தைப் பற்றிப் பேச வேண்டும்.

கடற்கரை மேட்டுக்கும் சம்மாந்துறைக்கும் இடையில் கிடக்கும் கரைவாகு வட்டை வெறும் நெற்காணி அன்று. மழைநீரும் வயல்களிலிருந்து வடியும் நீரும் இறங்கித் தங்கி, ஆறுகளாலும் தோணாக்களாலும் மெதுவாகக் கழியும் தாழ்நிலம் அது. ஒரு ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நீர் நின்றால் அது ஏறக்குறைய 12 இலட்சம் லீற்றர். அந்த ஏக்கரைக் கிறவல் போட்டு நிரப்பினால், அவ்வளவு நீரும் பக்கத்து வளவைத் தேடும்.

2004 டிசம்பர் 26 இல் சுனாமி வந்தது. 2005 இல் கிழக்குக் கரையில் 200 மீற்றருக்குள் வீடு கட்டக்கூடாது என்று அரசாங்கம் அறிவித்தது. பின்னர் அது தளர்த்தப்பட்டது. ஆனால் அதற்கிடையில் வேறு காணி இல்லாமல் வயலோரங்கள் நிரப்பப்பட்டன. அன்று வீடு கேட்டவர்களோடு நாமும் நின்றோம். அது நியாயமான கோரிக்கை. ஆனால் நீர் போக வழி எங்கே என்று நாம் கேட்கவில்லை. அது நமது தவறு.

2024 நவம்பர் 26 இல் மாவடிப்பள்ளி வீதியில் வெள்ளம் உழவு இயந்திரமொன்றை அடித்துச் சென்று, அதில் வந்த மத்ரசா மாணவர்களின் உயிரைப் பறித்தது. அந்த வெள்ளத்துக்கு நிரப்பிய நிலமே காரணம் என்று நாம் சொல்லவில்லை. அன்று பெய்தது பெருமழை. ஆனால் நீர் தங்கும் இடம் குறையக் குறைய, அது நடமாடும் வழிக்கே வரும்.

இந்த இழப்பைச் சரிக்கட்டும் முயற்சியையே 'ஈடுசெய்தல்' என்கிறார்கள். அதற்கு ஒழுங்கு உண்டு. முதலில் ஈரநிலத்தைத் தொடாமல் வேறிடம் பார்க்க வேண்டும். முடியாவிட்டால் சேதத்தைக் குறைக்க வேண்டும். அதன் பின்னும் எஞ்சும் இழப்புக்கே ஈடு. ஈடு தருகிறோம் என்று சொல்லி முதல் இரண்டையும் தாண்டிப் போவது ஏமாற்று.

ஐக்கிய அமெரிக்கா 1980களின் முடிவில், நாட்டின் மொத்த ஈரநிலம் குறையக்கூடாது என்று கொள்கை வகுத்தது. 2001 இல் அந்நாட்டின் தேசிய ஆராய்ச்சி மன்றம் அதை ஆராய்ந்து, இலக்கு எட்டப்படவில்லை என்றது. சில ஈடுகள் செய்யப்படவே இல்லை. செய்த சிலவும் பழைய ஈரநிலத்தின் வேலையைச் செய்யவில்லை. பணமும் நிபுணரும் உள்ள நாட்டிலேயே இப்படியென்றால், நாம் இன்னும் விழிப்பாக இருக்க வேண்டும்.

காணி இழந்தவருக்குப் பணம் கொடுக்கலாம். நீருக்குப் பணம் கொடுக்க முடியாது; அதற்கு இடமே கொடுக்க வேண்டும். ஆகவே ஒரு திட்டம் வரும்போது நான்கு கேள்விகளைக் கேட்போம்:

1. ஈடாகத் தரும் நிலம் இதே நீர் ஓடும் வட்டையிலா, வேறு எங்கோவா? வேறு மாவட்டத்தில் தோண்டிய குளம் நமது வாசலைக் காக்காது.

2. நிரப்பிய நிலம் பிடித்த அளவு நீரை அது பிடிக்குமா?

3. கிறவல் விழுமுன் அந்த வேலை முடியுமா?

4. மதகையும் தோணாவையும் ஆற்றுவாழை அடைக்காமல் ஆண்டுதோறும் துப்புரவு செய்வது யார்? அது எழுத்தில் உண்டா?

சட்டமும் நமக்குத் துணை நிற்கிறது. 2000 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கக் கமநல அபிவிருத்திச் சட்டப்படி, கமநல ஆணையாளர் நாயகத்தின் எழுத்து அனுமதியின்றி நெற்காணியை நிரப்ப முடியாது. 1993 ஆம் ஆண்டின் வர்த்தமானி அறிவித்தலின்படி, 4 ஹெக்டேயருக்கு, அதாவது ஏறக்குறைய 10 ஏக்கருக்கு மேல் ஈரநிலத்தை நிரப்பும் திட்டம் சுற்றாடல் அனுமதி பெற வேண்டும். சுற்றாடல் தாக்க மதிப்பீட்டு அறிக்கை வெளியானால், பொதுமக்கள் கருத்துச் சொல்ல 30 நாட்கள் உண்டு. துண்டு துண்டாக நிரப்பினால் இந்த அளவுக்குள் அகப்படாமல் தப்பிவிடலாம். அதனால்தான் ஒவ்வொரு துண்டையும் நாமே கணக்கு வைக்க வேண்டும்.

இந்த மாரிக்கு முன் வட்டைவிதானையையும் கமக்காரர் அமைப்பையும் கூட்டி, எந்த வாய்க்கால் மூடப்பட்டது, எந்த மதகு சிறுத்தது என்று ஒரு வரைபடம் கீறுங்கள். முஸ்லிம் ஊரும் தமிழ் ஊரும் சேர்ந்தே அதைக் கீறட்டும். வெள்ளம் ஊர் பார்த்து வருவதில்லை. வரைபடத்தின் ஒரு பிரதி கமநல சேவை நிலையத்திலும் மற்றொன்று பிரதேச செயலகத்திலும் இருக்கட்டும். அடுத்த திட்டம் வரும் நாளில், நமது கையில் வெறும் முறைப்பாடு அல்ல, சான்று இருக்கும்.